தெர்மின் அன்று மட்டும் ஓடிய ஏசி

ஏசி திருத்துவதுதான் என் தொழில் என்று டோர்ட்மண்டில் இன்னும் பல பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் கண்டால்கூட, "அண்ணை, எங்கட ஏசி தண்ணி வடிக்குது, ஒருக்கா வந்து பாருங்கோவன்" என்று காதைக் கடிப்பார்கள். நான் திருத்தியதும் உண்டுதான். ஆனால் ஓய்வு பெறுவதற்கு முந்திய நீண்ட காலம் நான் சம்பளம் வாங்கியது வேறு வேலைக்கு. ஏசி பழுதாகிவிட்டது என்று வாடிக்கையாளர் சொல்வார். அது ஏன் பழுதாகவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை.

இப்போது அந்த வேலைக்கு ஆள் தேவையில்லையாம். வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் ஏசியைப் படம் பிடித்து அனுப்பினால், எங்கோ இருக்கும் கணினி அதைப் பார்த்து, மன்னிக்கவும் என்று பதில் சொல்லிவிடுகிறதாம். நாங்கள் அதே மன்னிக்கவும் சொல்ல வான் வண்டியில் ஏறி ஊர் ஊராகப் போனோம். என் பழைய கம்பனியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்யும் பிள்ளைகள் சிலர், அதில் ஒருத்தி எங்கள் தமிழ்ப் பிள்ளை, போன மாதம் என்னைப் பிடித்துக் கேட்டார்கள்.

"முந்தி வீடு வீடாப் போய் என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்றேன்.

சிரித்தார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தொழில் கற்ற கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. அகதியாக வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு குளிரூட்டும் தொழிலில் அவுஸ்பில்டுங் முடித்தேன். வெயிலில் வளர்ந்த மனிதன் குளிர் நாட்டுக்கு வந்து குளிர் செய்யப் படித்தார் என்று என் மனைவி இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சுப்பர்மார்க்கெற்றுகளின் குளிர் அறைகளிலும் இறைச்சிக் கடைகளின் பின்பக்கத்திலும் பல வருடம் போனது. முழங்கால் இரண்டும் இனி ஏலாது என்று சொன்ன பிறகு, வீட்டு இயந்திரங்களுக்கு உத்தரவாதம் விற்கும் கம்பனி ஒன்றில் பரிசோதகராகச் சேர்ந்தேன்.

அப்போது இந்த நாட்டில் வீட்டுக்கு ஏசி வைப்பதைக் கெட்ட பழக்கம்போலப் பார்த்தார்கள். ஜெர்மன்காரருக்குப் பனி பயமில்லை, மழை பயமில்லை. காற்று வந்து பின்கழுத்தில் படுவதுதான் பயம். பிறகு கோடைகள் மாறின. கூரைக்குக் கீழே இருப்பவர்கள் வேகத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு ஏசி வாங்கி, அதைக் கழுத்தில் காற்றுப் படாத பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். எங்களுக்கு வேலை பெருகியது.

இந்த உத்தரவாதம் என்பதை விளங்கப்படுத்த வேண்டும். ஏசி வாங்குபவருக்கு இங்கே இரண்டு காவல். ஒன்று சட்டம் தருவது, அதற்கு விற்ற கடை பொறுப்பு. மற்றது தயாரித்தவர் தாமாக விரும்பித் தருவது. இரண்டும் போதாது என்று பயப்படுபவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றை எங்கள் கம்பனி விற்றது. பழுது வந்ததும் விற்றவர் தயாரித்தவரைக் காட்டுவார். தயாரித்தவர் பொருத்தியவரைக் காட்டுவார். பொருத்தியவர் எங்களைக் காட்டுவார். எங்களுக்குக் காட்ட வேறு ஆள் இல்லாததால் வாடிக்கையாளரையே காட்டினோம்.

என் மேலாளர் ஹெர் லோமான். கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி எழுதப் போவதைப் படித்தால் அப்படித் தோன்றாது. உயரமான, மெல்லிய, மிகச் சுத்தமான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. வாடிக்கையாளர் கத்தினாலும் அழுதாலும், "சுவாரசியமாக இருக்கிறது" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் எங்களுக்கு விளங்கிவிடும், அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்று. மத்தியானம் டப்பாவைத் திறந்து அப்பிளைத் துண்டு துண்டாக வெட்டி, எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் துண்டை வாயில் வைப்பார்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது. எங்களில் ஒருவர் கண்ணால் காணாத பிழை, பிழை அல்ல.

"கடவுளை நம்பலாம், ஹெர் நாதன்" என்று நான் சேர்ந்த புதிதில் சொன்னார். "பிழையைப் பார்க்க வேண்டும்."

பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் தெர்மின், அதாவது நாளும் நேரமும் குறிப்பது. தெர்மின் இல்லாமல் இந்த நாட்டில் ஒருவர் ஒருவரைப் பார்ப்பதில்லை, சாவதற்குக்கூட முன்பதிவு இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள். காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் வருவோம் என்று எழுதி அனுப்புவோம். வீட்டு வாசலில் சப்பாத்துக்கு மேல் நீல உறை மாட்டுவோம். இயந்திரத்தைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். வாடிக்கையாளரையே பொத்தானை அழுத்தச் சொல்வோம். நாங்கள் அழுத்தி ஏதாவது நடந்தால் பழி எங்களுக்கு. உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே ஒரு வெப்பமானி வைத்துவிட்டுக் காத்திருப்போம். தேத்தண்ணி வரும்.

ஆடியில் நின்ற ஏசிக்குப் புரட்டாதியில் தெர்மின் கிடைக்கும். அதற்குள் வெயில் ஓடிப்போயிருக்கும். ஏசி குளிரை அள்ளி வீசிக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் கம்பளிச் சட்டையோடு பக்கத்தில் நின்று, ஆடியில் இது நின்றது என்று சத்தியம் பண்ணுவார். பிழை காணப்படவில்லை என்று எழுதிவிட்டு வருவேன்.

போஹும் என்ற ஊரில் ஓர் அம்மா இருந்தார். தன் ஏசி குளிரூட்டவில்லை என்று மூன்று கோடையாக முறைப்பாடு. நான் போனபோது எல்லா ஜன்னலும் சரிந்து திறந்திருந்தன. ஏசி ஓடும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். அவர் என்னைக் காட்டுமிராண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "இளைஞரே, காற்றாட விடாமல் மனிதர் வாழ முடியாது" என்றார். என்னை இளைஞரே என்று ஒருவர் கடைசியாகக் கூப்பிட்டது அப்போதுதான். அதற்காகவே நான் அவருடன் வாதாடவில்லை.

மியூனிக்கில் சென்னைக்காரப் பொறியியலாளர் ஒருவர். தன் ஏசியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு நிமிடம் அளந்து வரைபடம் போட்டிருந்தார். வீடியோவில் வந்து, "சார், டேட்டா கிளியரா இருக்கு சார். உங்க சைடுல ரூட் காஸ் என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அவ்வளவு அழகான வரைபடத்தை நான் கண்டதில்லை. ஹெர் லோமான் அதை நெடுநேரம் ரசித்துப் பார்த்தார். பிறகு, அளந்த வெப்பமானிக்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார். அது ஒரு பொம்மைக் கடையில் வாங்கியது. சுவாரசியமாக இருக்கிறது என்றார்.

இவற்றையெல்லாம் நான் சிரித்துக்கொண்டேதான் செய்தேன். சிரிக்க முடியாமல் போனது ஹாம் நகரில், சிவலிங்கம் அண்ணை வீட்டில்.

சிவலிங்கம் அண்ணையை எங்கள் ஆட்களில் பழையவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டியவர். வந்து கொஞ்சக் காலத்திலேயே ஜெர்மன் மொழியை வடிவாகப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டவர் கந்தோர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் வாய். லீவு எடுத்துக்கொண்டு கூட வருவார், போய்வரும் காசுகூட வாங்கமாட்டார். என் அவுஸ்பில்டுங்குக்கான அந்திராக் விண்ணப்பத்தை நிரப்பியதும் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஒரு கையும் ஒரு காலும் போயின. அதோடு ஜெர்மன் மொழியும் போய்விட்டது. ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. தமிழ் மட்டும், அதுவும் மெல்ல மெல்ல, இருந்தது. அப்படி நடப்பதுண்டு என்று டொக்டர் சொன்னாராம். பிறகு படித்த மொழிதான் முதலில் போகுமாம்.

மாடிப்படி ஏற முடியாததால் அவர் கட்டிலைக் கீழே, வீட்டின் பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் போட்டிருந்தார்கள். ஜெர்மன்காரர் குளிர்காலத்தில் வெயில் காயக் கட்டும் அறை அது. கோடையில் அதற்குள் முட்டை அவிக்கலாம். அதற்காகத்தான் ஏசி. அந்த ஏசிதான் கொதிக்கும் வாரம் வந்தால் நின்றுவிடும். ஒரு நாளோ இரண்டு நாளோ செத்துக் கிடந்து, பிறகு தானாக உயிர் வரும். முதல் கோடையில் அப்படி நின்றபோது அண்ணையை அம்புலன்சில் ஏற்ற வேண்டி வந்தது.

எங்கள் கம்பனியிலிருந்து முதலில் வேறொருவர் போய், பிழை காணப்படவில்லை என்று எழுதினார். அடுத்த வைகாசியில், இரண்டாம் தடவை, நான் போனேன்.

வீடு பளிச்சென்று இருந்தது. பின்பக்கத்து முற்றத்தில் கல் ஒவ்வொன்றும் கழுவி, ஏசியின் வெளிப் பெட்டியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். மேசையில் கேக். அண்ணையின் மனைவி பரமேஸ்வரி அக்கா நல்ல சேலை கட்டி, பொத்தானை நான் சொன்னபடி அழுத்தினார். ஏசி மணவறைப் பெண்போல அடக்கமாக ஓடியது. பன்னிரண்டு மணிவரை ஓடியது.

புறப்படும்போது அக்கா என் பின்னாலேயே வாசல்வரை வந்தார்.

"தம்பி, இந்த முறையும் கோடையில இது நிண்டால், இவரை முதியோர் ஹைமுக்கு அனுப்பச் சொல்லிப்போட்டார் டொக்டர். இந்த அறையில வைச்சிருக்க ஏலாதாம்."

"கோடைக்கு மட்டும்தானே அக்கா."

"ஒரு கிழமை எண்டாலும் சரி, அங்க ஆரோட கதைப்பார்? பசிக்குது எண்டு எப்பிடிச் சொல்லுவார்? ஊருக்கெல்லாம் கதைச்ச மனிசன் தம்பி. வந்த புதுசில ஒரு அகதி ஹைமில இருந்தனாங்கள். அப்ப பாசை தெரியாட்டிலும் பக்கத்தில நாங்கள் பத்துப் பேர் இருந்தம்."

வானுக்குள் போய் இருந்து, பிழை காணப்படவில்லை என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது, நான் காணவில்லையே. எழுதிய கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

மூன்றாம் தடவையும் காணாவிட்டால் கம்பனி ஒப்பந்தத்தையே முடித்துவிடலாம். அது எங்கள் விதி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏசி என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், மனைவியோடு ஊன்ட்றொப் அம்மன் கோவிலுக்குப் போனேன். திரும்பும்போது அண்ணை வீட்டுப் பக்கம் காரைத் திருப்பினேன்.

"சொல்லாமல் போறதோ?" என்றாள் மனைவி. "ஒரு மெசேச் எண்டாலும் போடுங்கோ. இப்ப ஆரும் அப்பிடிப் போறேல்லை."

உண்மைதான். எங்கள் ஆட்களும் இப்போது ஒரு பிடி சோறு சாப்பிடவே தெர்மின் கேட்கிறார்கள். நான் கேட்காமல் போனேன். மணி அடித்தும் ஒருவரும் வராததால் பக்கவழியாகப் பின்பக்கம் போனேன்.

பரமேஸ்வரி அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டார். முற்றத்தில், வெளிப் பெட்டியை ஒட்டினாற்போல, பெரிய காஸ் அடுப்பு. அதில் தாச்சி, தாச்சி நிறைய எண்ணெய், எண்ணெயில் மீன். மற்ற அடுப்பில் மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. நான் தும்மிய தும்மலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அக்கா பழைய சட்டையோடு, கரண்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றார். ஏசி செத்துக் கிடந்தது.

"ஐயோ தம்பி, கோவிலால வாறியளோ. நான் இஞ்ச மச்சம் சமைச்சுக்கொண்டு" என்று வெட்கப்பட்டார்.

"அக்கா, எந்த நாளும் இஞ்சயோ சமைக்கிறனீங்கள்?"

"கோடையில இஞ்சதான். வீட்டுக்குள்ள பொரிச்சால் மணம் திரைச்சீலையில ஏறிப்போடும். இவரைக் கழுவ வாற ஜெர்மன் பிள்ளை மூக்கைச் சுழிக்கும்."

"நாங்கள் வந்த நேரம் இந்த அடுப்பைக் காணேல்லையே."

"ஆள் வாற நேரம் அடுப்பை இப்பிடி விட்டு வைக்கிறதோ? முதல் நாளே எல்லாத்தையும் கழுவி, அந்தப் பெட்டியில பிடிச்ச எண்ணெயையும் சவர்க்காரம் போட்டுத் துடைச்சு, அடுப்பைக் கார் விடுற கராச்சில ஒளிச்சுப்போடுவன்."

நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிழையைப் பார்க்க நாங்கள் தெர்மின் போட்டு வருகிறோம். தெர்மின் என்றதும் இவர் பிழையைக் கழுவித் துடைத்து ஒளித்து வைக்கிறார். வீட்டுக்கு ஆள் வரும்போது ஊத்தையாக இருக்கலாமா என்பது எங்கள் ஆட்களின் கொள்கை. காணாதது இல்லை என்பது ஹெர் லோமானின் கொள்கை. இரண்டு கொள்கைக்கும் நடுவில் ஒரு மனிதர் வெந்துகொண்டிருந்தார்.

அடுப்பை முற்றத்தின் மறு மூலைக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். வைத்தார். அடுத்து வந்த கொதிக்கும் நாளிலேயே ஏசி மறுபடி நின்றது. அப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. வெளிப் பெட்டியைச் சுற்றிச் சூடு கூடினால் இயந்திரம் தன்னைக் காப்பாற்ற நின்றுகொள்ளும், அது பிழையல்ல. சூடு தணிந்ததும் தானாகத் திரும்ப ஓட வேண்டும். இது நாள் கணக்காக ஓடவில்லை. உள்ளே கட்டுப்பாட்டுப் பலகையில் கோளாறு. அடுப்பு அந்தக் கோளாறைக் கூப்பிட்டு எழுப்பியது, அவ்வளவுதான். வெயில் எழுப்பினாலும் அது எழும்பும்.

இதை ஹெர் லோமானிடம் சொன்னேன்.

"நீங்கள் கண்டீர்களா?"

"கண்டேன். ஞாயிற்றுக்கிழமை."

"தெர்மின் இருந்ததா?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் விருந்தாளி" என்றார். "விருந்தாளி கண்டது கணக்கில் வராது."

மூன்றாம் தடவைக்கு மேலாளர் நேரில் வர வேண்டும் என்பது விதி. ஆடியில் ஒரு நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அக்கா, நாளைக்கு ஒண்டும் கழுவாதேங்கோ. அடுப்பைப் பழைய இடத்திலயே வைச்சு, நாங்கள் நிக்கேக்க மீன் பொரியுங்கோ."

"வெள்ளைக்காரப் பெரியவர் வாற நேரமோ? மீனோ?"

"ஓம் அக்கா. அது நிண்டால்தான் புதுசு தருவினம். நிக்காட்டில் ஒண்டும் இல்லை."

"சரி தம்பி. நீங்கள் சொன்னால் சரி."

மறுநாள் காலை போனால் முற்றம் பளபளக்கிறது. அடுப்பைக் காணவில்லை. அக்கா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் நிற்கிறார். மேசையில் கேக் மட்டுமல்ல, இந்த முறை பூவும் இருந்தது.

"என்னக்கா இது?"

"எனக்கு மனம் வரேல்லை தம்பி" என்றார் மெல்ல.

வானமும் அவர் பக்கம் நின்றது. மேகம் மூடியிருந்தது. ஹெர் லோமான் நீல உறை மாட்டி, சுற்றிப் பார்த்து, வெப்பமானிகளை வைத்து, கண்ணாடி அறையில் அண்ணையின் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தார். ஏசி ஓடியது. எட்டு மணிக்கு ஓடியது, பத்து மணிக்கும் ஓடியது. கேக்கைத் தொடவில்லை. வாடிக்கையாளர் வீட்டில் எதுவும் உண்ணக் கூடாது என்ற சுற்றறிக்கையை எங்களுக்கு எழுதியவரே அவர். எனக்கு அக்கா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. என் மேலும்தான்.

பதினொரு மணிபோல அண்ணை கண் விழித்தார். பக்கத்தில் இருப்பவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஆரது?"

"ஏசி பாக்க வந்த பெரியவர்."

"சாப்பாடு குடுத்தனியோ?"

"கேக் வைச்சனான். தொடுறாரில்லை."

"மத்தியானம் ஆகுது." ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கிச் சொன்னார். "சோறு போடு. மீன் பொரி. சும்மா அனுப்பாதை."

அக்கா என்னைப் பார்த்தார், லோமானைப் பார்த்தார், வெளியே முற்றத்தைப் பார்த்தார். நான் கெஞ்சியும் நடக்காதது அண்ணையின் நான்கு சின்ன வசனத்தில் நடந்தது. வந்த ஆளைப் பசியோடு அனுப்பும் வெட்கம், அடுப்பைக் காட்டும் வெட்கத்தைவிடப் பெரிது. கல்யாணச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கராச்சுக்குப் போய் அடுப்பை இழுத்து வந்தார். பழைய இடத்திலேயே, வெளிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். அங்கேதான் காற்றுக்கு நெருப்பு அணையாதாம்.

"என்ன நடக்கிறது?" என்றார் லோமான்.

"கணவருக்குச் சமைக்கிறார்" என்றேன்.

"பன்னிரண்டு வரை நேரம் இருக்கிறது" என்று தலையாட்டினார்.

எண்ணெய் கொதித்தது. மீன் விழுந்தது. மேகம் விலகி வெயிலும் வந்தது. வெளிப் பெட்டி அந்த ஆவியையெல்லாம் இழுத்து இழுத்து விழுங்கி, ஒருமுறை உறுமி, நின்றது.

ஹெர் லோமான் எழுந்தார். அபூர்வமான பறவையைக் கண்டவர்போல முகம் மலர்ந்திருந்தது.

"பிழை" என்றார். "கண்டேன்."

அடுத்த நொடியே முகம் பழையபடி ஆனது. "ஆனால் அடுப்பு. இது வெளித் தாக்கம், ஹெர் நாதன். வழமையான வீட்டுப் பாவனை அல்ல."

இதற்காகக் காத்திருந்தேன். எங்கள் கம்பனியின் விளம்பரப் படத்தை எடுத்து நீட்டினேன். அதில் ஒரு மஞ்சள் தலைமுடிக் குடும்பம் முற்றத்தில் சிரித்துக்கொண்டு இறைச்சி சுடுகிறது. பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஏசியின் வெளிப் பெட்டி.

"சொசேஜ் சுட்டால் வீட்டுப் பாவனை. மீன் பொரித்தால் வெளித் தாக்கமா?"

நெடுநேரம் படத்தைப் பார்த்தார். சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

"சரி. நின்றதை ஏற்கிறேன். ஆனால் நின்ற இயந்திரம் தானாகத் திரும்ப ஓடினால் அது பழுது அல்ல, ஓய்வு. அடுப்பை அணையுங்கள். ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். வெப்பமானி அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். நானும்."

ஒரு மணி நேரம், அந்தக் கண்ணாடிக்குள், அந்த நோயாளியை வைத்துக்கொண்டு. அண்ணையை வேறு அறைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். கட்டில் கதவால் போகாது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் தாச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே குசினிக்குப் போனார். மிச்ச மீனை அங்கேயே பொரிக்கிறேன் என்று சொல்லி, மணம் வெளியே வராமல் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே போய், பெட்டியைத் திறந்து, சூடு தணிந்துவிட்டதா என்று அளந்தபடி நின்றேன். சூடு தணிந்துவிட்டது. இயந்திரம் அசையவில்லை.

கண்ணாடிக்குள்ளே வெயில் ஏறியது. ஹெர் லோமான் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. நெற்றி மினுங்கியது. பக்கத்தில் அண்ணை பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது. லோமான் மரியாதையாகக் குனிந்து கேட்டு, தலையாட்டினார். அண்ணை மறுபடி பேசினார். லோமான் புன்னகைத்து மறுபடி தலையாட்டினார். இரண்டு பேரும் நல்லாகக் கதைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. எந்தப் பாசையில் கதைக்கிறார்கள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. கருவியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"மிகவும் அன்பான மனிதர்" என்றார் லோமான். "ஒரே விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தன் ஊரைப் பற்றி என்று நினைக்கிறேன்."

அண்ணையின் உதடு வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தண்ணி" என்றார். "தண்ணி எண்டு கேக்கிறன். சிரிக்கிறான் தம்பி."

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், அவர் நல்ல கைக்கு எட்டாமல், தண்ணீர்ப் போத்தல் இருந்தது. லோமானின் கைக்கு எட்டும். நான் எடுத்துக் குடிக்கக் கொடுத்தேன்.

"என்ன சொன்னார்?" என்று லோமான் கேட்டார்.

"தண்ணீர் கேட்டாராம். நீங்கள் சிரித்தீர்களாம்." பிறகு நான் அடக்கவில்லை. "இந்த ஏசிக்கு நாங்கள் பிழை காணாவிட்டால் இவரை ஹைமுக்கு அனுப்புவார்கள். அங்கே எல்லாரும் உங்களைப்போல நல்லவர்கள்தான் இருப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள்."

ஹெர் லோமான் போத்தலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். எழுந்து, வெப்பமானியை எடுத்து, அதில் எதையும் வாசிக்காமலே பெட்டிக்குள் வைத்தார்.

"நேரம் முடிந்துவிட்டது, ஹெர் நாதன்" என்றார்.

முடியவில்லை. பாதிகூட ஆகியிருக்கவில்லை. மணிக்கூடு என் கையில்தான் இருந்தது, அவருக்கும் அது தெரியும்.

"ஓம்" என்று தமிழில் சொன்னேன், பிறகு ஜெர்மனிலும் சொன்னேன். "முடிந்துவிட்டது."

அன்று பின்னேரமே எங்கள் கந்தோர்க் கூட்ட அறையிலிருந்த சின்ன ஏசியை வானில் ஏற்றி அண்ணை வீட்டுக்கு அனுப்பினார். புது இயந்திரம் ஆவணியில் வந்து பொருத்தும்வரை நாங்கள் கூட்டங்களில் வியர்த்துக்கொண்டும், ஜன்னலைத் திறந்தால் கழுத்தில் காற்றுப் படுகிறது என்ற முறைப்பாட்டைக் கேட்டுக்கொண்டும் இருந்தோம். அந்தக் கோடையிலும் அதற்குப் பிறகும் சிவலிங்கம் அண்ணை வீட்டை விட்டு எங்கும் போகவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரம் குசினிக் கதவு திறந்து அக்கா எட்டிப் பார்த்தார், முகமெல்லாம் வியர்வை.

"என்னவாம் தம்பி?"

"நேரம் முடிஞ்சுதாம் அக்கா. பிழையாம். புதுசு தருவினமாம்."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ. மீன் ஆறுது."

சொன்னேன். சுற்றறிக்கை எழுதிய மனிதர் ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். சாப்பாட்டுக் கோப்பையை மேசைக்குக் கொண்டு போகாமல் கண்ணாடி அறைக்கே கொண்டுவரச் சொல்லி, அண்ணையின் கட்டிலருகே, தண்ணீர்ப் போத்தல் இருந்த பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிடுவார், அண்ணையின் முகத்தைப் பார்ப்பார், போத்தலைத் தூக்கிக் காட்டுவார். அண்ணை வேண்டாம் என்று தலையாட்டுவார். இன்னொரு வாய் சாப்பிடுவார், மறுபடி தூக்கிக் காட்டுவார்.